மார்லேனி முறுக்கிய கடல்பாம்பு

தெய்வங்கள் கூட்டம் போடுகிற வாரத்தில் ஜப்பானின் கொஹாமாவில் யாரும் சத்தம் எழுப்ப மாட்டார்கள். ஆணி அடிக்க மாட்டார்கள், பாட்டுப் பாட மாட்டார்கள், கதவைக்கூடப் பார்த்துத்தான் சாத்துவார்கள். மார்லேனிக்கு இதெல்லாம் தெரியாது. இசுமோ நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பை விட்டு இந்தக் கடலோரக் கிராமத்துக்குக் குடிவந்து ஒரு கோடைதான் ஆகியிருந்தது. கணவன் அடில்சனின் பிறந்தநாள் என்று தொழிற்சாலை நண்பர்களையெல்லாம் கூப்பிட்டு, வீட்டுக்குப் பின்னால் கரி மூட்டி, மாட்டிறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். அடில்சன் அக்கார்டியனை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி வாசித்தான். இருபது பேர் காலால் தாளம் போட்டார்கள்.

வாசலில் ஒருவர் வந்து நின்றார். மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், முகத்தில் சிரிப்பே இல்லை. ஊர்க் கோவிலின் பொறுப்பாளர் ஃபுகுமா. வாழ்நாள் முழுக்கக் கணவாய் மீன் பிடித்தவர். படகை இன்னும் விற்கவில்லை.

"இந்த வாரம் சத்தம் ஆகாதும்மா. சாமிங்க வந்திருக்காங்க."

"யாரு வந்திருக்காங்க?"

"சாமிங்க. நாட்டுல இருக்குற அத்தனை சாமியும் இந்தப் பக்கம் வந்து கூட்டம் போட்டிருக்காங்க. யாரை யாரோட சேர்த்து வைக்கணும்னு பேசி முடிவு பண்ற வாரம் இது."

மார்லேனி கையிலிருந்த இறைச்சிக் கம்பியைத் தாழ்த்தினாள். "எல்லாரும் அவங்கவங்க ஊரை விட்டுட்டா வந்திருக்காங்க?"

"ஆமா."

"அப்போ எங்கள மாதிரிதான். உள்ள கூட்டிட்டு வாங்க ஃபுகுமா சான், கறி நிறையக் கெடக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஃபுகுமா சிரிக்கவில்லை. கதவின் மேல் மாட்டியிருந்த பெயர்ப்பலகையை ஒருமுறை பார்த்தார்.

"கட்சுபேன்னு போட்டிருக்கு. நம்ம பக்கத்துப் பேரு. பேச்சு மட்டும் எங்கேயோ இருந்து வருது."

"பேரும் என்னோடது, பேச்சும் என்னோடது," என்றாள் மார்லேனி. ஆனாலும் திரும்பிப் போய்ப் பாட்டை நிறுத்தச் சொன்னாள்.

அடில்சன் அக்கார்டியனைப் பெட்டிக்குள் வைத்தான். "என்னவாம்? நம்ம பாட்டு பிடிக்கலையாமா?"

"சாமிங்க கூட்டத்துல இருக்காங்களாம்."

"நம்ம மேனேஜருங்க கூட்டம் மாதிரியா? அப்போ ஒரு வாரம் ஆகத்தான் செய்யும்."

மார்லேனி இட்சுவே கட்சுபே பிறந்தது அமேசான் ஆற்றங்கரையில், பரிந்தின்ஸ் என்ற தீவு நகரத்துக்குப் பக்கத்தில். அவளுடைய தாத்தா, போருக்கு முன்பு ஜப்பானிலிருந்து கப்பலேறிப் போய் அந்தச் சேற்றுக் கரையில் சணல் போட்டவர்களில் ஒருவர். ஆறு ஏறும்போது இடுப்பளவு தண்ணீரில் நின்று சணலை அறுப்பதும், நாரை உரித்து அலசுவதும் குடும்பத் தொழில். வீட்டு மூலையில் அப்பா ஒரு சிறு மரப் பலகை அடித்து அதில் சாமி வைத்திருந்தார். அதற்கு முன்னால் கட்டும் கயிற்றை வைக்கோலில் முறுக்க வேண்டும் என்பார்கள். அங்கே நெல் ஏது? அப்பா சணலில்தான் முறுக்கினார். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

சணலின் விலை விழுந்ததும் குடும்பம் நகரத்துக்குள் வந்தது. பதினாறு வயதில் மார்லேனி திருவிழாக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். பரிந்தின்ஸில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் சிவப்பு அணியும் நீல அணியும் மோதிக்கொள்ளும் மாட்டுத் திருவிழா உண்டு. ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும். மார்லேனி நீலம். சாகும்வரை நீலம். மூன்று மாடி உயரத்துக்குக் கம்பியாலும் துணியாலும் பஞ்சாலும் உருவங்கள் செய்து, உள்ளே ஆட்கள் நின்று கையையும் கண்ணையும் அசைப்பார்கள். ஆற்றின் பெரும்பாம்பை அவள் மட்டுமே ஏழெட்டு முறை செய்திருப்பாள். ஒரு வருடம் அவள் செய்த பாம்பு வாயைத் திறந்தபோது முன்வரிசையில் இருந்த சிவப்பு அணிக்காரன் ஒருவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். அந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் இன்றைக்கும் எழுந்து நின்று நடித்துக் காட்டுவாள்.

கல்யாணம் ஆனது. கொட்டகை வேலையில் ஆறு மாதம் சாப்பாடு, ஆறு மாதம் காற்று என்றிருந்தது. ஜப்பானில் வேலை இருக்கிறது, ஜப்பானிய வம்சத்தவருக்கு விசா கிடைக்கும் என்றார்கள். முன்னோர் ஊரைத் தேடியெல்லாம் அவள் வரவில்லை. ஏஜென்ட் காட்டிய தொழிற்சாலை இசுமோவில் இருந்தது, அவ்வளவுதான். அங்கே அவளுக்குக் கிடைத்த வேலை, மின்னணு உதிரிப் பாகங்களை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்துக் கீறல் பார்ப்பது. ஒவ்வொன்றும் கடுகில் பாதி. மூன்று மாடிப் பாம்பு செய்தவள், தும்மினால் பறந்துவிடும் பொருளைப் பார்த்துக்கொண்டு வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். வேலையைப் பற்றி அவள் குறைபட்டுக்கொண்டதில்லை. "கண்ணுக்கு அங்க வேலை, கைக்கு வேலை இல்ல," என்று மட்டும் சொல்வாள். அதற்காகவே கடலோரத்தில் காலியாகக் கிடந்த இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். கரையில் ஒதுங்கும் கட்டைகளையும் மிதவைகளையும் பொறுக்கிவந்து, முற்றத்தில் மீனும் பறவையும் செய்து வைத்தாள். ஊரில் போவோர் வருவோர் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

பாட்டு நிறுத்தப்பட்ட மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மேற்குக் காற்று வெறிபிடித்து அடித்தது. விடிந்ததும் மார்லேனி வாளியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். அலை ஒதுக்கிய கடற்பாசிக் குவியலில் ஒரு பாம்பு கிடந்தது. முதுகு கரும் மை. வயிறு மஞ்சள், அதுவும் எலுமிச்சை மஞ்சள். வால் துடுப்பு மாதிரி தட்டையாக, புள்ளி புள்ளியாக. இன்னும் உயிர் இருந்தது. ஆனால் குளிர் தின்றுவிட்டிருந்தது.

ஆற்றங்கரையில் வளர்ந்தவளுக்குப் பாம்பு என்றால் பயமில்லை, மரியாதை உண்டு. ஒரு மூங்கில் கழியால் அதைப் பாசியோடு சேர்த்துத் தூக்கி வாளியில் விட்டாள். நிமிர்ந்தபோது படகுத்துறையிலிருந்து ஃபுகுமா ஓடி வருவது தெரிந்தது. திட்டத்தான் வருகிறார் என்று நினைத்து அவளும் பதிலைத் தயார் செய்துகொண்டாள்.

ஃபுகுமா வாளிக்குள் எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். ஈர மணலில் இரண்டு முறை குனிந்து கும்பிட்டு, நாலு முறை கைதட்டி, மறுபடியும் குனிந்தார். சில நாள் முன்பு வாசலில் வந்து முறைத்த மனிதர் இவர்தானா என்று மார்லேனிக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

"அப்பா போனதுக்கப்புறம் நான் இதைப் பார்க்கவே இல்ல," என்றார். "இவரு நாகதேவரும்மா. கடல் வழியா வர்ற சாமிங்களுக்கு முன்னால வழி காட்டிக்கிட்டு வர்றவரு. உன் கண்ணுல பட்டிருக்காரு."

"எங்கேருந்து வர்றாரு?"

"தெற்கேருந்து. அங்க தண்ணி கதகதன்னு இருக்கும். நீரோட்டத்துல ஏறிட்டாருன்னா இங்க கொண்டுவந்து விட்டுடும். அதுக்குள்ள இங்க குளிர் வந்துடும். திரும்பிப் போக முடியாது."

மார்லேனி வாளியைப் பார்த்தபடி நின்றாள். பாம்பின் வால் ஒருமுறை அசைந்தது. பிறகு அசையவில்லை.

இருவருமாக அதைக் கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். கோவிலுக்கு வாசலாக நிற்கும் 'தோரி' என்ற கல் தோரணத்தைத் தாண்டி நாற்பது ஐம்பது படி ஏறினால் பைன் மரங்களுக்கு நடுவே சின்னக் கோவில். அதன் பூசாரி ஜின்சாய் மிட்சுகி என்ற பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். அக்கம்பக்கத்தில் ஆறு சின்னக் கோவில்களுக்கு அவர்தான் பூசாரி. ஒரு குட்டி லாரியில் பூசைச் சாமான்களைப் போட்டுக்கொண்டு ஓட்டிப் போய்க்கொண்டே இருப்பார். ஊரார் பூசாரியம்மா என்பார்கள். அவர் மரத்தட்டில் கடற்பாசியைப் பரப்பி, பாம்பை அதன்மேல் சுருட்டி வைத்து, உள்ளே ஏந்திப் போனார். மார்லேனியைப் பெயர் சொல்லி மந்திரத்தில் சேர்த்தார். கட்சுபே மார்லேனி இட்சுவே. மூன்று பெயரையும் தடுமாறாமல் சொன்ன முதல் ஜப்பானியர் அவர்தான்.

அன்று கீழே இறங்கும்போதே மார்லேனியின் கை பரபரத்தது. அதே கரையில் பாம்பைச் சுற்றிக் கிடந்தவை வேறென்ன? கயிறுகள். பச்சை, நீலம், ஆரஞ்சு, மஞ்சள். கொரியக் கரையிலும் சீனக் கரையிலும் அறுந்து, எங்கெங்கோ வலையைக் கட்டியிருந்த கயிறுகள். விலாங்கு மீன் பிடிக்கும் கூண்டுகளின் வாயில் பொருத்தும் கறுப்பு பிளாஸ்டிக் புனல்கள் ஆயிரக்கணக்கில். அவற்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் செதில். மஞ்சள் கயிற்றைக் கீழே கொடுத்தால் வயிறு. அலை வந்து தொடும் இடத்தில் வாலும், தோரிக்கு அடியில் தலையுமாக, அடுத்த வருடம் தெய்வங்கள் வருகிற மாலையில் ஒரு பெரும்பாம்பு கரையேற வேண்டும். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாம்பு முழுசாக மனதில் முடிந்துவிட்டது.

ஆனால் அதை ஊர்க் கூட்டத்தில் சொன்னபோது முதலில் எழுந்தவர் ஃபுகுமாதான்.

"அது குப்பைம்மா. வருஷா வருஷம் நாங்க குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கி லாரியில ஏத்துற குப்பை. சாமி வர்ற பாதையில குப்பையைப் போடச் சொல்றியா?"

"பாம்பையும் அதே கடல்தான் போட்டுச்சு, குப்பையையும் அதே கடல்தான் போட்டுச்சு. ஒண்ணுக்கு நாலு தடவை கை தட்டுனீங்க. இன்னொண்ணை லாரியில ஏத்துறீங்க."

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்ல. ஒண்ணாக்கிக் காட்டுறேன்னுதான் சொல்றேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு. எல்லோரும் பூசாரியம்மாவைப் பார்த்தார்கள். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மார்லேனி, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அது எப்போ சாகும்?"

"எது?"

"நீ செய்யப்போற பாம்பு. தோரியில தொங்குற வைக்கோல் கயிறு ஒரு வருஷத்துல மக்கிடும். அப்புறம் புதுசு கட்டுவோம். கோவிலையே இடிச்சுப் புதுசாக் கட்டுற வழக்கம் நமக்கு. சாமிக்கு எப்பவும் புதுசு வேணும். இந்த நைலான் மக்காது. எங்க பேரப்பிள்ளைங்க காலத்துலயும் கிடக்கும். சாகாத ஒண்ணை நான் எப்படி வாங்கிக்கிறது?"

மார்லேனி கேள்வியை வாங்கிக்கொண்டு கூட்டத்திலிருந்து எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினாள். அடில்சன் மரவள்ளி மாவில் பாலாடைக்கட்டி சேர்த்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்னுட்டாங்களா?"

"வேண்டாம்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். கேள்வி கேட்டுட்டாங்க."

கேள்வியைச் சொன்னாள். அடில்சன் உருண்டைகளைத் தட்டில் அடுக்கியபடியே, "நீ செஞ்ச பாம்பெல்லாம் எங்க இப்போ?" என்றான்.

"எந்தப் பாம்பு?"

"ஊர்ல செஞ்சது. சிவப்புக்காரன் விழுந்தானே, அந்தப் பாம்பு."

"திருவிழா முடிஞ்சதும் பிரிச்சுட்டோமே. கம்பியை நிமித்தி அடுத்த வருஷம் முதலைக்கு…"

பேச்சை நிறுத்திவிட்டாள். அடில்சன் அடுப்பைத் திறந்து தட்டை உள்ளே தள்ளினான். "இன்னும் இருபது நிமிஷம் ஆகும். அதுக்குள்ள போயிட்டு வந்துடு."

மார்லேனி கூட்டம் நடந்த இடத்துக்கே திரும்ப ஓடினாள். பூசாரியம்மா குட்டி லாரியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். மார்லேனி சன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கச் சொன்னாள்: "நான் கொல்றேன். தானா சாகாதுன்னா நானே பிரிக்கிறேன். சாமிங்க கிளம்பிப் போன மறுநாள், கடைசிக் கயிறு வரைக்கும். அடுத்த வருஷம் கடல் புதுசா என்ன கொண்டுவருதோ அதுல செய்வேன். பழசு ஒண்ணுகூடச் சேர்க்க மாட்டேன்."

பூசாரியம்மா எஞ்சினை அணைத்தார். "செஞ்ச கையாலயே பிரிக்கணும். மனசு கேக்குமா?"

"எனக்குப் பழக்கம்தான்."

"சரி," என்றார் அவர். "ஃபுகுமா சான்கிட்ட நான் சொல்லிக்கிறேன். ஆனா அவரு கத்துறதை நீதான் கேக்கணும்."

அந்தக் குளிர்காலமும் வசந்தமும் கோடையும் அவள் பொறுக்கினாள். ஷிஃப்ட் முடிந்ததும் கரை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கரை. நண்பர்கள் வந்தார்கள். கயிற்றை உப்புப் போக அலசி, நிறம் பிரித்து, காலியாகக் கிடந்த படகுக் கொட்டகையில் மலையாகக் குவித்தார்கள். அந்தக் கொட்டகை ஃபுகுமாவுடையது. "மழையில நனைஞ்சா நாறும், ஊருக்குத்தான் அசிங்கம்," என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். கோடையில் மார்லேனி தலையைச் செய்தாள். கடலில் ஊறி வெளுத்த ஒரு மரவேர், அவள் ஒன்றும் செதுக்காமலே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கண்ணுக்கு இரண்டு கண்ணாடி மிதவைகள்.

உடலை முறுக்குவதுதான் பெரிய வேலை. தொடைப் பருமனில் மூன்று கயிற்றுக் கட்டுகள். அவற்றைச் சேர்த்து ஒரே வடமாக்க வேண்டும். இதை ஒருவர் இருவர் செய்ய முடியாது. அக்டோபரில் ஒரு ஞாயிறு, பிரேசில்காரர்கள் முப்பது பேர் கரைக்கு வந்தார்கள். மார்லேனி ஒரு கவிழ்த்த மீன் பெட்டிமேல் ஏறி நின்று, கொட்டகைக் காலத்துக் குரலில் ஆணையிட்டாள். கட்டுகளைத் தோளில் சுமந்தபடி ஒருவரை ஒருவர் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். மதியத்துக்குள் பாதி வடம் உருவானது. எல்லோரும் பிடியை விட்டுக் கைதட்டினார்கள்.

வடம் ஒருமுறை முனகியது. பிறகு உயிர் வந்தது மாதிரி படபடவென்று எதிர்ப்பக்கமாகச் சுழன்று அவிழ்ந்தது. வால்பக்கம் நின்ற நாலு பேரை மணலில் உருட்டிவிட்டு, ஒரு குளிர்பானப் பெட்டியைக் கடலுக்குள் தட்டிவிட்டு, மூன்று கட்டுகளும் தனித்தனியாகக் கிடந்தன. அடில்சன் வாயிலிருந்து மணலைத் துப்பினான். "செல்லம், இது தன்னைத்தானே கொன்னுக்கிச்சு. உனக்கு வேலை மிச்சம்."

படகுத்துறைச் சுவரில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மார்லேனியும் சிரித்தாள். ஆனால் கயிற்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் தோரிக்கு அடியில் வண்டியை நிறுத்தி, மேலே தொங்கிய வைக்கோல் வடத்தை அண்ணாந்து பார்த்தாள். தினமும் அதன் கீழேதான் போய்வருகிறாள். இத்தனை நாளில் அது எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது என்று பார்த்ததே இல்லை. இடப்பக்கம். கடல் கொண்டுவந்த கயிறுகள் அத்தனையும் ஆலையில் வலப்பக்கம் முறுக்கப்பட்டவை. அவளுடைய கையும், சணலில் பழகிய கை, வலப்பக்கமே முறுக்கியது. ஒரே பக்கம் திரும்பியவை எல்லாம் ஒன்றாக அவிழ்ந்துகொண்டன. எதிர்ப்பக்கம் முறுக்கினால் ஒன்று அவிழப் பார்க்கும்போது மற்றது இறுக்கும். சாமிக்கயிறு அப்படித்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் பெட்டிமேல் ஏறி, "எல்லாரும் இடப்பக்கம்!" என்றாள். முப்பது பேருக்கும் கால் குழம்பியது. ஒருவன் இடம் போனால் இன்னொருவன் வலம் போய் முட்டிக்கொண்டான். சுவரில் உட்கார்ந்திருந்த ஃபுகுமாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. குதித்து இறங்கி வந்தார்.

"நிறுத்துங்கப்பா! என்ன இது, நண்டு கல்யாணம் மாதிரி? அந்தப் பக்கம் போறவன் கயித்தை மேல தூக்கு, இந்தப் பக்கம் வர்றவன் குனி! வருஷா வருஷம் தோரிக்கு முறுக்குற ஆளு நான், பார்த்துக்கிட்டு எப்படிம்மா உக்காந்திருப்பேன்?"

"குப்பையைத் தொட மாட்டேன்னீங்களே, ஃபுகுமா சான்."

"குப்பையா இருந்தாலும் முறுக்குனா ஒழுங்கா முறுக்கணும்."

அவர் கை காட்டியதும் சுவரில் இருந்த மற்றவர்களும் இறங்கினார்கள். ஐம்பது பேர் ஆனார்கள். ஃபுகுமா முன்னால் நின்று, "யோய்சா" என்று இழுத்துக் குரல் கொடுத்தார். ஐம்பது பேரும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு சுற்றினார்கள். அடில்சன் அந்தக் குரலுக்கு அக்கார்டியனில் சுதி பிடித்தான். வாசலில் வந்து பாட்டை நிறுத்தியவர், அன்றைக்கு அவனைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வேகமா வாசி, ஆளுங்க தூங்குறாங்க," என்றார். சாயங்காலம் எல்லோரும் பிடியை விட்டுத் தள்ளி நின்றார்கள். வடம் முனகியது. பிறகு தன் எடையில் மணலில் சற்று அமிழ்ந்து, அப்படியே கிடந்தது. ஃபுகுமா அதன்மேல் ஏறி இரண்டு முறை குதித்துப் பார்த்தார்.

"சாகாது," என்றார்.

"சாகும்," என்றாள் மார்லேனி.

தெய்வங்கள் வருகிற மாலை வந்தது. கரையில் தீ மூட்டினார்கள். பாம்பு அலையிலிருந்து எழுந்து, மணலில் இரண்டு முறை வளைந்து, தோரிக்கு அடியில் தலையை வைத்திருந்தது. முதுகில் கறுப்புப் புனல்கள் தீயின் வெளிச்சத்தில் ஈரம் போல மின்னின. அலை வரும்போதெல்லாம் தட்டை வால் தண்ணீரில் மிதந்து அசைந்தது. பூசாரியம்மா வெள்ளை உடையில் கடலைப் பார்த்து நின்று அழைத்தார். ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பக்கம். அடில்சன் அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் நின்றதை அவனுடைய நண்பர்கள் பின்னால் பல மாதம் சொல்லிக் காட்டினார்கள். அழைத்து முடித்த பூசாரியம்மா, வழக்கமான பாதையில் போகாமல், பாம்பின் ஓரமாகவே அதன் வளைவுகளில் வளைந்து வளைந்து நடந்து கோவிலுக்கு ஏறினார். அவருக்குப் பின்னால் ஃபுகுமா. அவருக்குப் பின்னால் ஊர்.

மார்லேனி கடைசியில் நடந்தாள். பாதி வழியில் நின்று பார்த்தாள். தான் செய்தது நன்றாக இருக்கிறதா என்று யாரையும் கேட்க வேண்டும்போல அவளுக்குத் தோன்றவில்லை. நன்றாக இருந்தது. அவளுக்குத் தெரிந்தது.

அந்த வாரம் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். மட்சுயே நகரத்துக் கலைக்கூடம் ஒன்றிலிருந்து வந்த ஓர் இளைஞர் பாம்பைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, இதை அப்படியே எங்கள் கூடத்தில் நிரந்தரமாக வைக்கிறோம், மழை படாமல் காலம் முழுக்க இருக்கும் என்றார்.

"காலம் முழுக்க இருக்கக் கூடாதுங்க," என்றாள் மார்லேனி. "திங்கக்கிழமை பிரிக்கிறோம். நீங்களும் வாங்க, கையுறை தர்றேன்."

அவர் சிரித்தார், வேடிக்கை என்று நினைத்து. திங்கட்கிழமை வந்து பார்த்தபோது அவள் பாம்பின் கழுத்தில் உட்கார்ந்து முதல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பிரிப்பதில் தயங்கியது ஃபுகுமாதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னும் ஒரு வாரம் கிடக்கட்டுமேம்மா. யாரு கேக்கப் போறா?"

"சாமிங்க போயாச்சு."

"போனா என்ன? கரைக்கு அழகா இருக்கு. என் அக்கா ஞாயித்துக்கிழமை வர்றேன்னிருக்கா பார்க்க."

"அடுத்த வருஷம் வரச் சொல்லுங்க. வேற பாம்பு இருக்கும்."

"வேற பாம்பு," என்று முனகினார். "இது நான் முறுக்குனது." பிறகு மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு வால்பக்கம் போய்க் குனிந்தார். முறுக்க ஐம்பது பேர் வேண்டியிருந்தது. பிரிக்கப் பத்துப் பேர் போதுமாயிருந்தது. வலப்பக்கம் சுற்றச் சுற்ற அது தானாகவே பிரிந்து கொடுத்தது. மதியம் நகராட்சி லாரி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. மரவேரை மட்டும் பூசாரியம்மா தீயில் இட்டார். மார்லேனி கையைக் கழுவிக்கொண்டு, இரவு ஷிஃப்டுக்கு முன்னால் கொஞ்சம் தூங்கப் போனாள். படுத்ததும் தூங்கிவிட்டாள்.

இரண்டாம் வருடப் பாம்பு இன்னும் நீளம். அதற்குள் ஊர்க் கோவிலின் குடும்பங்களில் ஒன்றாக மார்லேனியைச் சேர்த்துவிட்டார்கள். ஊர்ச் சங்கக் கழிவறையைக் கழுவும் முறையும் அதோடு வந்து சேர்ந்தது. தெய்வ வாரத்தில் இனிப்புப் பயற்றுக் கஞ்சி காய்ச்சும் பெண்களோடு அவள் நிற்பாள். அவர்கள் அவளுடைய பாலாடைக்கட்டி உருண்டையைக் கேட்டு வாங்கிப் போவார்கள். தொழிற்சாலையை அவள் விடவில்லை. முழுநேரமும் பாம்பு செய்தால் பாம்பு கெட்டுப்போகும் என்பது அவள் எண்ணம்.

மூன்றாம் வருடம் மேற்குக் காற்று எழவே இல்லை. குளிர்காலம் முழுக்கக் கடல் ஏரி மாதிரி கிடந்தது. வசந்தத்தில் கரைக்குப் போனால் கையளவு கயிறு. கோடையில் அதுவும் இல்லை. செப்டம்பரில் ஃபுகுமா கொட்டகையைத் திறந்து பார்த்தார்; ஒரு மூலைகூட நிறையவில்லை. மார்லேனியின் வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா பண்றது? பேப்பர்லயெல்லாம் போட்டாச்சு. பஸ் பிடிச்சு வர்றாங்களாம். மீனவர் சங்கத்துக் கடையில புதுக் கயிறு கெடக்கு. நான் பேசி வாங்கிடுறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"கடல் தராததை நான் முறுக்க மாட்டேன்."

"தலையணை நீளத்துக்குத்தான் வரும்மா!"

"தலையணை நீளத்துக்கு வரட்டும்."

அவள் முகத்தில் கவலையே இல்லாதது ஃபுகுமாவுக்கு இன்னும் கவலையாக இருந்தது. கிடைத்ததை எடுத்து அவள் ஒரே மாலையில் முறுக்கினாள். ஐம்பது பேர் தேவைப்படவில்லை. அடில்சன் ஒரு முனை, ஃபுகுமா ஒரு முனை, அவள் நடுவில். கை பருமன், ஓர் ஆள் நீளம்கூட இல்லை. செதிலுக்கு ஏழெட்டுப் புனல்கள். மஞ்சள் மட்டும் எப்படியோ நல்ல மஞ்சளாக அமைந்திருந்தது.

தெய்வங்கள் வரும் மாலையில் பேருந்துகளில் வந்த கூட்டம் கரை நெடுகத் தேடியது. தீயின் ஓரத்தில், மரத்தட்டில் பரப்பிய கடற்பாசியின்மேல் அது சுருண்டிருந்தது. யாரோ ஒரு பெண் ஏமாற்றத்தை அடக்க முடியாமல், "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டாள்.

ஃபுகுமாவின் காது சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் மார்லேனி முந்திக்கொண்டாள்.

"இந்த வருஷம் கடல் குட்டி போட்டிருக்கு," என்றாள். தட்டை இரண்டு கையாலும் தூக்கி அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். "பிடிங்க. கோவில் வரைக்கும் நீங்க தூக்கிட்டு வாங்க. போன வருஷத்ததை இப்படித் தூக்கியிருக்க முடியுமா?"

அந்தப் பெண் தயங்கி வாங்கினாள். பூசாரியம்மா முன்னால் நடந்தார். படியேறும்போது தட்டு கைமாறிக் கைமாறிப் போனது. முன்பின் தெரியாதவர்கள் பக்கத்திலிருந்தவரிடம் பத்திரம் பத்திரம் என்று சைகை காட்டிக் கொடுத்தார்கள். ஃபுகுமா கூட்டத்தோடு இடித்துக்கொண்டு முன்னேறி, கடைசிப் படியில் தன் முறையை வாங்கி, மூச்சிரைக்க மேலே கொண்டுபோனார்.